புதிதாகக் கட்டிய பழைய கோபுரம்: மேரி கோல்ட்டரைத் தேடி ஒரு சாலைப் பயணம்

வெள்ளி, ஆல்புகர்க்கி

ஒரு கட்டடக் கலைஞரைத் தேடிப் போகிறவர்கள் முதலில் அவர் கட்டிய ஏதாவது ஒரு வாசலில் போய் நிற்பார்கள். நாங்கள் ஆல்புகர்க்கி பஸ் நிலையத்தில் போய் நின்றோம்.

பஸ், ஆம்ட்ராக் ரயில், உள்ளூர் ரயில் எல்லாம் வந்து சேரும் இந்த இடத்துக்கு ஆல்வரடோ போக்குவரத்து மையம் என்று பெயர். 1902-ல் இங்கே ஆல்வரடோ என்ற பெரிய ரயில்வே ஹோட்டல் திறந்தார்கள். 1970-ல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பல வருடம் கார் நிறுத்தும் பொட்டலாகக் கிடந்த பிறகு, இடித்த ஹோட்டலின் சாயலிலேயே வளைவுகள் வைத்து இந்த நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். இடித்ததற்கு வருத்தம் தெரிவிப்பதில் இது ஒரு வகை.

"இல்லாத கட்டடத்தைப் பார்க்கவா டல்லாஸ்லேருந்து ஃப்ளைட் புடிச்சு வந்தோம், மாப்ளே?" என்றார் மாமா. என் மனைவியின் அப்பா. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் சுவரை ஒருமுறை தட்டிப் பார்க்காமல் உள்ளே நுழைய மாட்டார். இந்தப் பயணத்துக்கு அவரைவிடச் சரியான துணை கிடையாது என்று நான்தான் கூட்டி வந்தேன்.

நாங்கள் தேடி வந்த மேரி கோல்ட்டர் இந்தத் துறையில் முதன்முதலில் வேலை பார்த்த இடம் இது. ஹோட்டலைக் கட்டியவர் சார்ல்ஸ் விட்டில்சி. அதை ஒட்டி இந்தியன் பில்டிங் என்று ஒன்று இருந்தது. நவஹோ, ஹோப்பி போன்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் கம்பளங்கள், பானைகள், கூடைகள் எல்லாவற்றையும் காட்டி விற்கும் இடம். அதன் உள் அலங்காரத்துக்குத்தான் கோல்ட்டரைக் கூப்பிட்டார்கள்.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1869-ல் பிட்ஸ்பர்கில் பிறந்தார், மின்னசோட்டாவின் செயின்ட் பால் ஊரில் வளர்ந்தார். 1886-ல் அப்பா இறந்ததும் அம்மாவையும் அக்காவையும் காப்பாற்ற வேண்டிய நிலை. படித்து வந்து சம்பாதிக்கிறேன் என்று சொல்லி சான் ஃபிரான்சிஸ்கோ போய் ஓவியமும் வடிவமைப்பும் படித்தார். திரும்பி வந்து செயின்ட் பாலில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் பையன்களுக்கு வரைகலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் ஃப்ரெட் ஹார்வி கம்பெனி அவரை அழைத்தது. சான்டா ஃபே ரயில்வேயின் பாதை நெடுக ஹோட்டல்களும் உணவு விடுதிகளும் நடத்திய கம்பெனி அது. 1910-ல் நிரந்தர வேலை. ஓய்வு பெற்றது 1948-ல்.

"ஒரே கம்பெனியிலேயா? அப்ப நம்ம ஆளுதான்" என்றார் மாமா.

சனி, காலப், பெயிண்டட் டெசர்ட், வின்ஸ்லோ

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மேற்கே நாற்பதாம் நெடுஞ்சாலை. சாலைக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை வருகிறது. ஒரு மைல் நீளத்துக்குக் கன்டெய்னர் வண்டிகள். மாமா பெட்டிகளை எண்ண ஆரம்பித்து நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.

காலப் ஊரில் பார்க்க இருந்தது எல் நவஹோ ஹோட்டல். அதாவது, இருந்திருக்க வேண்டியது. 1923-ல் திறந்தது, 1957-ல் சாலையை அகலப்படுத்த இடித்தது. ரயில் நிலையப் பகுதி மட்டும் மிஞ்சி, இப்போது பண்பாட்டு மையமாக இருக்கிறது. இந்த ஹோட்டலின் சுவர்களில் நவஹோ மக்களின் மணல் ஓவியங்களைக் கோல்ட்டர் வரைய வைத்தார். அவை சடங்குக்காக மணலில் வரைந்து, சடங்கு முடிந்ததும் கலைத்துவிட வேண்டியவை. அதை நிரந்தரமாகச் சுவரில் வைக்கலாமா என்ற கேள்வி வந்தது. திறப்பு விழாவில் நவஹோ மருத்துவர்களே வந்து கட்டடத்துக்கு ஆசிச் சடங்கு செய்தார்கள். கடைசியில் சுவரோடு சேர்த்து எல்லாம் போயிற்று. ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அரிஸோனா எல்லை தாண்டியதும் கைபேசியில் மணி ஒன்று குறைந்தது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும் வழக்கம் அரிஸோனாவில் கிடையாது. ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நாட்டில், அதாவது நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியில், உண்டு. இந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கைபேசியை நம்பாமல் வயிற்றை நம்புவது நல்லது.

பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குள், செம்மண் மேடுகளைப் பார்த்தபடி நிற்கிறது பெயிண்டட் டெசர்ட் இன். இது கோல்ட்டர் கட்டியது இல்லை. 1920-களில் ஒருவர் கல்லாக மாறிய மரத்துண்டுகளையே அடுக்கிக் கட்டியது. 1936-ல் பூங்கா நிர்வாகம் வாங்கி, பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை வைத்து மாற்றிக் கட்டியது. 1947-ல் ஹார்வி கம்பெனி எடுத்து நடத்த வந்தபோது கோல்ட்டருக்கு வயது 78. அவர் செய்தது மூன்று காரியம்: நிறங்களை மாற்றினார், பாலைவனம் தெரியும்படி பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வைத்தார், ஹோப்பி ஓவியர் ஃப்ரெட் கபோட்டியைக் கூப்பிட்டுச் சுவரில் வரைய வைத்தார்.

ஓவியங்களில் ஒன்று, ஹோப்பி இளைஞர்கள் உப்பு எடுக்க ஸூனி உப்பு ஏரிக்கு நடந்து போகும் பயணம். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகலாம். மாமா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எனக்கு அந்தப் பெரிய ஜன்னல்தான் பிடித்தது. வெளியே மண் மேடுகள் சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறும் இடத்தில் சரியாக ஒரு மேசை போட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். முதலில் கட்டியவர்கள் இங்கே சின்ன ஜன்னல்தான் வைத்தார்களாம். பழைய பாணியைக் காப்பாற்ற வேண்டும் என்று கோல்ட்டர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பார்க்க வந்தவன் பார்க்கட்டும் என்று சுவரை உடைத்துவிட்டார். பழமைப் பித்து என்று அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் இந்த ஜன்னலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மாலை வின்ஸ்லோ. லா போசாடா ஹோட்டலில் அறை.

காரில் வருகிறவர்கள் ஹோட்டலின் பின்பக்கமாக நுழைகிறோம் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிகிறது. முகப்பு ரயில் பாதையைப் பார்த்து இருக்கிறது. 1930-ல் விருந்தாளி என்றால் ரயிலில் இறங்குகிறவர்தான். இப்போதும் ஆம்ட்ராக் ரயில் நாளுக்கு இரண்டு முறை இங்கே நிற்கிறது. சரக்கு வண்டிகளுக்குக் கணக்கே இல்லை.

இந்த ஹோட்டலைக் கட்டும் முன் கோல்ட்டர் ஒரு கதை கட்டினார். ஒரு பணக்கார ஸ்பானியக் குடும்பம்; அவர்களுடைய பண்ணை வீடு; தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு அறையாகச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது; கடைசியில் ஹோட்டலாக மாறியது. அப்படி ஒரு குடும்பம் இருந்ததே இல்லை. ஆனால் கதைக்குத் தகுந்தபடி வீடு வளைகிறது, தளம் ஏறி இறங்குகிறது, ஒரு கூடம் இன்னொரு கூடத்தோடு நேர்கோட்டில் வராமல் கொஞ்சம் விலகி நிற்கிறது. நாற்காலி, விளக்கு, இரும்புக் கிராதி, தோட்டம் வரைக்கும் எல்லாம் அவர் தீர்மானம். சிகரெட் சாம்பல் தட்ட மணல் நிரப்பிய முயல் பொம்மைகள்கூட அவர் வடிவமைத்ததுதான். அவர் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர், அதனால் அனுபவித்துச் செய்திருப்பார்.

சாப்பாட்டு மேசையில் ஒரே கிண்ணத்தில் பாதி சோள சூப், பாதி கறுப்பு பீன்ஸ் சூப், இரண்டும் கலக்காமல் வந்தது. மாமா பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்தம்மா ஆர்க்கிடெக்ட்டா படிச்சாங்களா? டிராயிங்ல கையெழுத்து யாரு போட்டது?"

சரியான கேள்வி. கோல்ட்டர் உரிமம் பெற்ற கட்டடக் கலைஞர் இல்லை. அவர் வடிவத்தை யோசிப்பார், படம் போடுவார், மாதிரி செய்வார். வேலைக்கான வரைபடங்களை ரயில்வேயின் கட்டட அலுவலகம் தயார் செய்யும். அதனால் இவரைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லலாமா என்று இன்றைக்கும் வாதிடுகிறவர்கள் உண்டு. நான் சொன்னேன், "மாமா, உங்க ஆபீஸ்ல சீஃப் இன்ஜினியர் கையெழுத்து போட்ட பாலமெல்லாம் அவரே டிசைன் பண்ணதா?" மாமா சிரித்துவிட்டு சூப்புக்குத் திரும்பினார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கட்டடத்தில் எந்தக் கல் எங்கே வர வேண்டும் என்று தளத்தில் நின்று சொன்னவர் யாரோ அவர்தான் கட்டியவர்.

லா போசாடா திறந்தது 1930 மே மாதம். பங்குச் சந்தை சரிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்த ஹோட்டல் 27 வருடம்தான் ஓடியது. 1957-ல் மூடி, சாமான்களை ஏலம் விட்டு, உள்ளே தடுப்புச் சுவர்கள் போட்டு ரயில்வே அலுவலகமாக்கினார்கள். அந்த அலுவலகம்தான் ஒரு வகையில் இதைக் காப்பாற்றியது. யாராவது உள்ளே உட்கார்ந்திருந்ததால் இடிக்கவில்லை. 1997-ல் ஆலன் அஃபெல்ட் என்பவர் வாங்கி, தன் மனைவியும் ஓவியருமான டீனா மியானோடு சேர்ந்து மறுபடி ஹோட்டலாக்கினார். கோல்ட்டருக்குத் தான் செய்ததிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான் என்பார்கள். அது மூடியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இறந்தார், 1958 ஜனவரியில்.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு சரக்கு ரயில் போனது. கட்டில் லேசாக அதிர்ந்தது. அறையில் காது அடைப்பான் வைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு, டெசர்ட் வியூ

ஃபிளாக்ஸ்டாஃப் போய், வடக்கே திரும்பி, கேமரன் வழியாகக் கிழக்கு வாசலில் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தோம். பெரும்பாலானவர்கள் தெற்கு வாசல் வழியாக வருவார்கள். கோல்ட்டருக்காக வருகிறவர்கள் கிழக்கே வருவது நல்லது. பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கோபுரம் தெரியும்.

டெசர்ட் வியூ காவற்கோபுரம். 70 அடி உயரம். பள்ளத்தாக்கின் உதட்டில் நிற்கிறது. முதலில் பார்த்தால், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ கட்டி விட்டுப் போன கோபுரம் என்றுதான் தோன்றும். கட்டியது 1932-ல்.

மாமா கோபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். ஒரு இடத்தில் நின்றார். அடிச்சுவரிலிருந்து மேலே ஒரு விரிசல், நெளிந்து நெளிந்து ஏறுகிறது.

"அஸ்திவாரம் எறங்கியிருக்கு மாப்ளே. இது செட்டில்மென்ட் கிராக். இவ்வளவு ஜனத்தை மேல ஏத்தறாங்களே!"

அந்த விரிசலை வைத்ததே கோல்ட்டர்தான் என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வேலை நாட்களில் எத்தனை ஒப்பந்தக்காரர்களை இதே மாதிரி விரிசலுக்காகத் திட்டியிருப்பாரோ. கோல்ட்டர் போய்ப் பார்த்த பழங்காலக் கோபுரங்களில் விரிசல் இருந்தது. அதனால் இதிலும் வைத்தார். பக்கத்திலேயே பாதி இடிந்த மாதிரி ஒரு குட்டிச் சுவரையும் கட்டி வைத்திருக்கிறார். கட்டும்போதே இடிபாடு.

உள்ளே எலும்புக்கூடு எஃகும் கான்கிரீட்டும். ரயில்வேயின் பாலம் கட்டும் பிரிவு செய்தது. மாமாவுக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது. "பாலக்காரங்க செஞ்சதா? அப்ப அசையாது." அதற்குப் பிறகு படி ஏற மறுப்புச் சொல்லவில்லை.

வெளிச்சுவரின் கற்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் உளி பட்ட தடம் தெரியாது. வெயிலிலும் மழையிலும் கிடந்து முகம் கறுத்த கற்களாகப் பொறுக்கி எடுத்து, அந்தக் கறுத்த முகம் வெளியே வரும்படி வைத்திருக்கிறார்கள். உடைத்துச் செதுக்கினால் புதுக்கல்லின் பளிச் நிறம் வந்துவிடும். அளவுக்குச் செதுக்காமல் அளவுக்குத் தகுந்த கல்லைத் தேடுவதென்றால் எத்தனை கல்லைப் புரட்டியிருக்க வேண்டும்! சில கற்கள் சுவரை விட்டு நாலைந்து விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. காலையில் பார்த்தால் அவற்றின் நிழல் சுவர் முழுக்கப் புள்ளி வைக்கிறது; மத்தியானம் மறுபடி வந்து பார்த்தேன், வேறு சுவர் மாதிரி இருந்தது. மேடுபள்ளம் இல்லாத சுவரில் இது நடக்காது.

கோல்ட்டர் இதைக் கட்டுவதற்கு முன் மேசா வெர்டே, ஹோவன்வீப் என்று பழைய பூர்வகுடி இடிபாடுகளைத் தேடித் தேடிப் போனார். விமானம் வாடகைக்கு எடுத்து மேலிருந்துகூடத் தேடியிருக்கிறார். அவருக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். கட்டி முடித்ததும், சுற்றுலா வழிகாட்டிகளுக்காக ஒரு கையேடு எழுதினார். இது எந்த ஒரு கோபுரத்தின் நகலும் இல்லை, பல கோபுரங்களைப் படித்து அந்த முறையில் புதிதாகச் செய்தது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எந்தக் கூறு எந்த இடிபாட்டிலிருந்து வந்தது என்பதும் அதில் இருக்கிறது. ஏமாற்ற நினைப்பவர் இப்படிக் கையேடு போட்டுத் தர மாட்டார். பழங்காலக் கட்டடம் என்று பொய் சொல்லி விற்றார் என்று கோல்ட்டரைச் சிலர் குறை சொல்வதுண்டு. இந்தக் கையேட்டை நினைத்தால் அந்தக் குறையை நான் ஏற்க மாட்டேன். வேறு ஒரு குறை உண்டு, அதை நாளை சொல்கிறேன்.

கீழே வட்டமான பெரிய அறை. கூரையைத் தாங்கும் மரங்கள், அருகில் இருந்த, பிறகு பிரித்துவிட்ட கிராண்ட்வியூ ஹோட்டலிலிருந்து எடுத்தவை. அங்கிருந்து குறுகலான படிகள், மொத்தம் 85. கோபுரத்தின் நடு வெற்றிடமாக இருக்கிறது. சுவரை ஒட்டி வட்ட மாடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. முதல் மாடத்தில்தான் கபோட்டியின் ஓவியங்கள். நடுவில் பெரிய வட்டத்துக்குள் பாம்புக் கதை: டியோ என்ற ஹோப்பி இளைஞன் மரக்கட்டைப் படகில் அடைத்துக்கொண்டு கொலராடோ ஆற்றில் மிதந்து போகிறான். ஆறு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும் அவனுக்கு. அதே ஆறு ஜன்னலுக்கு வெளியே, கிட்டத்தட்ட ஐந்தாயிரம் அடி கீழே தெரிகிறது. ஓவியத்தை இந்த இடத்தில் வைத்தது யாருடைய யோசனையோ, அபாரம்.

நிறம் ஒத்து வரும் வரை கோல்ட்டர் விட மாட்டார், அவரோடு வேலை பார்ப்பது லேசு இல்லை என்று கபோட்டி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனாலும் 15 வருடம் கழித்து பெயிண்டட் டெசர்டில் வரைய அவரைத்தான் கோல்ட்டர் கூப்பிட்டார், அவரும் போனார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மரியாதைக்கு இது போதும்.

மேல் மாடங்களில் உள்ளவை ஃப்ரெட் கியரி என்ற கம்பெனி ஓவியர், பழைய பாறை ஓவியங்களைப் பார்த்து வரைந்தவை. வேண்டுமென்றே மங்கலாகத் தீட்டியவை. உச்சியில் நான்கு பக்கமும் கண்ணாடி. கிழக்கே பெயிண்டட் டெசர்ட், மேற்கே பள்ளத்தாக்கு. நாங்கள் போனபோது ஒரு பாட்டி பேரனிடம் ஸ்பானிய மொழியில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார், பையன் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். எல்லா ஊரிலும் அதேதான்.

கீழே முன்பு பரிசுப் பொருள் கடை இருந்தது. இப்போது அதை எடுத்துவிட்டு, பள்ளத்தாக்கோடு உறவுள்ள பூர்வகுடிகள் தங்கள் கைவேலையைச் செய்து காட்டும் இடமாக மாற்றிவிட்டார்கள். நல்ல காரியம்.

திங்கள், கிராண்ட் கேன்யன் கிராமம்

காலையில் நல்ல குளிர். ஏழாயிரம் அடி உயரம், அக்டோபர். மாமா குரங்குக் குல்லாயோடு வந்தார்.

ரயில் 1901-ல் இங்கே வந்தது. 1905-ல் எல் டோவார் ஹோட்டல் திறந்தார்கள். அதுவும் விட்டில்சி கட்டியது. ஸ்விட்சர்லாந்தும் நார்வேயும் கலந்த மாதிரி ஒரு மர மாளிகை. அழகுதான், ஆனால் இந்த மண்ணுக்குச் சம்பந்தமில்லாதது. அதற்கு நேர் எதிரே, அதே வருடம், கோல்ட்டரின் ஹோப்பி ஹவுஸ். இரண்டுக்கும் நடுவில் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாலே போதும், அவர் என்ன சொல்ல வந்தார் என்பது புரிந்துவிடும்.

ஹோப்பி ஹவுஸ், ஓரைபி என்ற பழைய ஹோப்பி ஊரின் வீடுகளைப் பார்த்துச் செய்தது. சிவந்த மணற்கல் சுவர், படிப்படியாக உள்ளே தள்ளிப் போகும் தளங்கள், வெளியே சாய்த்து வைத்த ஏணிகள், குனிந்து போகும் வாசல். கட்டியவர்களில் பெரும்பாலோர் ஹோப்பி மக்களே. கூரையைக் கீழிருந்து பார்த்தேன்: பெரிய மரங்கள், அவற்றின்மேல் குறுக்கே மெல்லிய கம்புகள், அதன்மேல் புல்லும் சுள்ளியும், அதன்மேல் மண். மாமா அதைப் பார்த்து, "நம்ம ஊர் மெட்ராஸ் டெரஸுக்கு அண்ணன் முறை" என்றார். மூலையில் அடுப்பு, அதன் புகைபோக்கி, அடி உடைந்த பானைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் செய்தது. உடைந்த பானையை வீணாக்காத அந்தப் புத்தி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது அந்தக் குறை. இந்த வீட்டில் ஹோப்பி கைவினைஞர்கள் குடியிருந்தார்கள். கீழே பானை செய்வார்கள், நெய்வார்கள், நகை செய்வார்கள்; பயணிகள் பார்ப்பார்கள், வாங்குவார்கள். மாலையில் முற்றத்தில் நடனம். நம்பேயோ என்ற பெரிய பானைக் கலைஞர் 1905-ல் குடும்பத்தோடு வந்து இங்கே தங்கினார். மண்ணுக்குள் புதைந்து கிடந்த சிக்யாட்கி பானைகளின் பாணியை மீட்டெடுத்தவர் அவர். அப்படிப்பட்டவர் ரயில் பயணிகள் முன்னால் உட்கார்ந்து பானை செய்து காட்டியிருக்கிறார். அவர் கைவேலைக்கு நாடெங்கும் பெயர் பரவ இதுவும் உதவியது என்பதும் உண்மை. ஆனால் வீடு என்று கட்டியது கடை, குடியிருந்தவர்கள் காட்சிப் பொருள். கம்பெனியின் கணக்கு அதுதான். கோல்ட்டர் அந்தக் கணக்குக்குள் நின்றுதான் வேலை செய்தார். பூர்வகுடிக் கலையின்மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தப் பிரியம் சின்ன வயதிலேயே வந்தது. செயின்ட் பாலில் இருந்தபோது, சிறைப்பட்டிருந்த சூ இனத்தவர் வரைந்த சில படங்களை உறவினர் ஒருவர் கொண்டு வந்து கொடுத்தார். பூர்வகுடியினர் நடுவில் பெரியம்மை பரவியது. அவர்களிடமிருந்து வந்த சாமான்களையெல்லாம் அம்மா எரித்துவிட்டார். சிறுமி படங்களை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டாள். கடைசி வரை வைத்திருந்து, 1956-ல் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

பிறகு லுக்அவுட் ஸ்டூடியோ, 1914. பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் அதே கல்லால் கட்டியது. கூரையின் கோடு நேராக இல்லாமல் பாறை மாதிரியே ஏறி இறங்குகிறது. தள்ளி நின்று பார்த்தால் பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. ஆனால் இதைக் கட்டிய காரணம் அவ்வளவு உன்னதம் இல்லை. கொஞ்சம் தள்ளி கோல்ப் சகோதரர்களின் புகைப்பட நிலையம் நல்ல வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தது; போட்டிக்குத்தான் ரயில்வே இதைப் போட்டது.

சாயங்காலம் பிரைட் ஏஞ்சல் லாட்ஜ், 1935. எல் டோவாரில் தங்க முடியாதவர்களுக்கான மலிவு விலை விடுதி. இதைக் கட்டும்போது இங்கே ஏற்கெனவே இருந்த பழைய மரக் குடில்களில் ஒன்று 1890-களில் பக்கி ஓ'நீல் என்பவர் கட்டியது. ஷெரீஃப், பத்திரிகைக்காரர், சுரங்கம் தேடியவர். 1898-ல் கியூபா போரில் இறந்துபோனார். அதை இடிக்காமல் புதிய விடுதிக்குள் சேர்த்துக்கொண்டார் கோல்ட்டர். இன்று விளிம்பில் நிற்கும் கட்டடங்களில் அதுதான் மூத்தது. பழசு மாதிரி கட்டுகிறவர் நிஜமான பழசு கிடைத்தால் என்ன செய்வார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உள்ளே ஒரு அறையில் கணப்படுப்பு. பத்தடி உயரம். அடியில் ஆற்று நீர் உருட்டிய கற்கள், அதற்கு மேல் ஆற்றங்கரையின் கறுத்த ஆழ்பாறை, பிறகு பள்ளத்தாக்கில் எந்த வரிசையில் அடுக்குகள் இருக்கின்றனவோ அதே வரிசையில் ஒவ்வொன்றாக, உச்சியில் கைபாப் சுண்ணாம்புக்கல். பூங்காவின் இயற்கையியலாளர் எட்வின் மக்கீ கூட இருந்து வரிசையைச் சரிபார்த்தார். கற்கள் கீழேயிருந்து கோவேறு கழுதை முதுகில் வந்தன. அடிப்பாறை சுமார் 170 கோடி வருடத்துக்கு முந்தியது, உச்சிக் கல் 27 கோடி. மாமா கீழேயிருந்து மேல்வரை ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மேல் வரிசை எட்டவில்லை, என்னைத் தொடச் சொன்னார். அங்கே வேலை பார்க்கும் அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

செவ்வாய், யாவபாய், ஹெர்மிட்ஸ் ரெஸ்ட்

ஃபேன்டம் ராஞ்ச் போக முடியவில்லை. பள்ளத்தாக்கின் அடியில், 1922-ல் கோல்ட்டர் கட்டிய விடுதி. நடந்து போக வேண்டும், அல்லது கோவேறு கழுதையில், அல்லது ஆற்று வழியே படகில். தங்க இடம் வேண்டுமென்றால் 15 மாதம் முன்னாலேயே குலுக்கலில் பெயர் போட வேண்டும். மாமாவின் முழங்காலுக்கு அது ஆகாது. யாவபாய் முனையில் இருக்கும் பார்வைக் குழாய் வழியாகப் பார்த்தோம். ஆற்றோரம் ஒரு பச்சைத் திட்டு, பக்கத்தில் நூல் மாதிரி தொங்குபாலம். கல்லைத் தவிர அங்கே இருக்கும் சாமான் எல்லாம் கழுதை முதுகில் இறங்கியது. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அங்கே முன்பு இருந்த முகாமில் தங்கியதால் அவர் பெயரையே வைக்க நினைத்தார்கள். கோல்ட்டர் ஃபேன்டம் என்ற பெயரில்தான் நின்றாராம், வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று மிரட்டியதாகக் கதை.

பிறகு ஷட்டில் பஸ் பிடித்து ஹெர்மிட் சாலையில் கடைசி நிறுத்தம் வரை. மார்ச் முதல் நவம்பர் வரை இந்தச் சாலையில் சொந்தக் கார் விட மாட்டார்கள். ஏழு மைல்தான், ஆனால் ஒவ்வொரு முனையிலும் இறங்கி ஏறினால் அரை நாள் ஆகிவிடும்.

ஹெர்மிட்ஸ் ரெஸ்ட், 1914. லூயி பூஷே என்ற தனிமை விரும்பி இந்தப் பக்கம் குடில் போட்டுச் சுரங்கம் தேடிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி ஒருத்தர் தனக்காகக் கல்லைப் புரட்டிப் போட்டுக் கட்டிக்கொண்ட இடம் எப்படி இருக்கும் என்று கோல்ட்டர் கற்பனை செய்ததுதான் இது. வாசலில் கரடுமுரடான கல் வளைவு, அதில் ஒரு ஸ்பானியத் தேவாலயத்தின் உடைந்த மணி. நடந்து உள்ளே போனால், சுவரில் குடைந்த மாதிரி பெரிய அரைவட்ட மாடம், அதற்குள் கணப்படுப்பு. மாடத்தின் உட்புறம் முழுக்கக் கரி ஏறியிருக்கிறது.

திறந்தபோது ரயில்வேக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அழுக்கும் ஒட்டடையுமாக இருக்கிறதே, சுத்தம் செய்யக் கூடாதா என்று கிண்டல் செய்தார்களாம். இப்படி ஆக்குவதற்கு எவ்வளவு செலவாயிற்று தெரியுமா என்று கோல்ட்டர் பதில் சொன்னாராம்.

மாமா அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "புகை போற வழி கச்சிதமா இருக்கு. கரி தானா புடிச்சது பாதி, இந்தம்மா புடிக்க வெச்சது பாதி" என்று தீர்ப்புச் சொன்னார்.

வெளியே வந்து கட்டைச் சுவரில் உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம். இந்த வழியில் பார்த்ததையெல்லாம் மாமா ஒரு வரிசையில் போட்டார். ஆல்புகர்க்கி இல்லை, காலப் இல்லை, வின்ஸ்லோ மயிரிழையில் தப்பியது, பள்ளத்தாக்கில் இருப்பது எல்லாம் அப்படியே இருக்கிறது. "ஊருக்குள்ள நிலத்துக்கு வெல இருக்கு மாப்ளே, ரோடு வேணும், பார்க்கிங் வேணும். இங்க யாருக்கு என்ன வேணும்?" அது ஒரு காரணம். இன்னொன்று, பள்ளத்தாக்கு 1919-லேயே தேசியப் பூங்காவாகிவிட்டது. ஹோப்பி ஹவுஸ், லுக்அவுட், ஹெர்மிட்ஸ் ரெஸ்ட், காவற்கோபுரம் நான்கையும் 1987-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தும் விட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு கோல்ட்டர் சான்டா ஃபே நகரத்தில் இருந்தார். சேர்த்து வைத்திருந்த பூர்வகுடி நகைகளை மேசா வெர்டே பூங்கா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். இதை மாமாவிடம் சொன்னதுதான் தாமதம். அந்த அம்மா பார்த்துக் கத்துக்கிட்ட நிஜக் கோபுரமும் அங்கேதானே இருக்கிறது, இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஐந்து மணி நேரத்துக்கு மேல், வேறு மாநிலம் என்றேன். டிக்கெட்டை மாற்ற எவ்வளவு கேட்பார்கள் என்று பார்க்கச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு வரிசையில் போய் நின்றுவிட்டார். போனால் எழுதுகிறேன்.